பிறவிக் குற்றவாளியைத் தேடிய பேராசிரியர்

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே, சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)



சென்ற கூட்டத்தில் ஓர் இளந்தோழர் கேள்வி எழுப்பினார்: “திருடன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா?” நேரமாகிவிட்டது என்று அன்று தட்டிக் கழித்தோம். அதற்கு நேரடியாகத் தீர்ப்புச் சொல்லும் படிப்பு நமக்கில்லை. மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த ஒரு கேள்வியின் மேல் ஒரு விஞ்ஞானத்தையே கட்டி எழுப்பி, உலகம் முழுவதும் நீதிபதிகளையும் போலீசாரையும் நம்பவைத்த ஒரு மனிதரின் கதையைச் சொல்ல முடியும். அவர் பெயர் செசாரே லொம்ப்ரோசோ. இத்தாலிக்காரர். குற்ற மானிடவியல் என்ற துறையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

இந்த ஊருக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு ஓர் இத்தாலியப் பேராசிரியரால் என்ன ஆகவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எங்கே இடிக்கிறது என்பது போகப் போகத் தெரியும்.

1835 நவம்பர் 6ஆம் நாள் வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் லொம்ப்ரோசோ. அப்போது இத்தாலி என்ற ஒரே நாடு கிடையாது. வெரோனா ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தது. மருத்துவம் படித்து, 1858இல் பவீயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மறு ஆண்டே ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். விடுதலைப் போரின் காலம் அது. கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் நின்ற இளைஞர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப்போவது ஏதோ ஒரு பிற்போக்குப் பிரபுவைப் பற்றியல்ல. முன்னேற்றத்தை நம்பிய, பாதிரிமாரின் ஆதிக்கத்தை எதிர்த்த, பிற்காலத்தில் சோஷலிஸ்ட் கட்சியிலேயே சேர்ந்து தூரின் நகரசபையில் உறுப்பினராகவும் இருந்த ஒருவரைப் பற்றி. அதனால்தான் அவர் கதை நமக்கு முக்கியமாகிறது.

1861இல் இத்தாலி ஒன்றுபட்டது. ஒன்றுபட்டது என்பதைவிட, வடக்கு தெற்கை எடுத்துக்கொண்டது என்று தெற்கில் பலர் சொன்னார்கள். நிலம் பங்கிடப்படும் என்று எதிர்பார்த்த குடியானவனுக்கு நிலம் வரவில்லை. வரியும் கட்டாய ராணுவச் சேவையும் வந்தன. மலையேறிக் கலகம் செய்தார்கள். அரசு அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று பெயரிட்டு, ஒரு லட்சம் அளவுக்குப் படையைத் தெற்கில் குவித்தது. 1863இல் ஒரு தனிச் சட்டமே போட்டு ராணுவ நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. அந்தப் படையோடு 1862இல் கலாப்ரியாப் பகுதிக்குப் போனவர்தான் இளம் டாக்டர் லொம்ப்ரோசோ. அங்குள்ள வறுமையைக் கண்டார், எழுதினார். அதோடு, தம் பொறுப்பில் இருந்த சிப்பாய்களை, ஏறத்தாழ மூவாயிரம் பேரை, தலை முதல் கால் வரை அளந்தார். யார் உடம்பில் எந்தப் பச்சை குத்தியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். ஒழுக்கமான சிப்பாய்க்கும் முரட்டுச் சிப்பாய்க்கும் வித்தியாசம் பச்சையிலேயே தெரிகிறது என்று தோன்றியது அவருக்கு. அளவு நாடாவைப் பிடித்த கை பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

வில்லெல்லாவின் கதைக்கு வருவோம். ஜூசெப்பே வில்லெல்லா கலாப்ரியாவில் மோத்தா சாந்தா லூச்சியா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். ஏழை, முதியவர், திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டவர். ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வடக்கே சிறைவைக்கப்பட்டு, 1864இல் பவீயாவில் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலைக் கேட்டு வர யாருமில்லை. உறவினருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தாலும், கலாப்ரியாவிலிருந்து பவீயா வர வண்டிச் சத்தத்துக்கு எங்கே போவார்கள்? உடல் லொம்ப்ரோசோவின் மேசைக்கு வந்தது. மண்டையோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். பின்னர் அதைத் திறந்து பார்த்தபோது, பிடரி எலும்பின் உட்புறத்தில், நடுவில், ஒரு சிறு குழி இருப்பதைக் கண்டார். சாதாரணமாக அங்கே ஒரு மேடுதான் இருக்கும். இப்படிப்பட்ட குழி தாழ்ந்த விலங்குகளில் காணப்படுவது என்று முடிவு செய்தார். அந்தக் கணத்தில் குற்றவாளியின் இரகசியம் முழுவதும் தமக்கு வெளிச்சமாகிவிட்டதாகப் பிற்காலத்தில் மகிழ்ந்து மகிழ்ந்து எழுதினார். வாழ்நாள் முழுவதும் அந்த மண்டையோடு அவர் மேசையை விட்டு அகலவில்லை.

அவருக்குக் கிடைத்த வெளிச்சம் என்ன? குற்றவாளி என்பவன் காலம் தவறிப் பிறந்தவன். மனித இனம் கடந்து வந்துவிட்ட காட்டு நிலைக்கு உடம்பாலும் மனத்தாலும் திரும்பிப் போனவன். திருடுவதும் கொல்லுவதும் அவன் எலும்பிலேயே எழுதியிருக்கிறது என்பதுதான். இதை விரித்து 1876இல் ‘குற்றவாளி மனிதன்’ என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டு தூரின் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியரானார். நூல் ஐந்து பதிப்புகள் கண்டது. முதற் பதிப்பு ஒரு கைக்கடக்கமான புத்தகம். 1896–97இல் வந்த ஐந்தாம் பதிப்பு பல தொகுதிகளாக வீங்கிவிட்டது. தவறான கணக்கை நேர்செய்ய மேலும் மேலும் தாள் ஒட்டும் லெட்ஜரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அப்படி.

பெரிய தாடை, துருத்திய கன்ன எலும்பு, கைப்பிடிபோல் விலகி நிற்கும் காது, நீண்ட கை, அடர்ந்த தலைமயிர், அரிதான தாடி, கோணல் முகம். இவையெல்லாம் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களாம். குற்றவாளிக்கு வலி உறைக்காது என்றார். மின்சாரக் கருவி வைத்துச் சிறையாளிகளைச் சோதித்தார். அவர்களுடைய குழூஉக்குறிகளைச் சேகரித்தார். சிறைச் சுவரிலும், தண்ணீர்க் கூஜாக்களிலும், சிறை நூலகப் புத்தகங்களின் ஓரங்களிலும் கைதிகள் கிறுக்கிவைத்ததையெல்லாம் திரட்டி 1888இல் ஒரு தனி நூலாகவே போட்டார். அந்தக் கிறுக்கல்களில் பசியைப் பற்றியும் நீதிபதியைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் மனிதன் பேசிக்கொண்டிருந்தான். பேராசிரியர் அதைப் பூச்சி சேகரிப்பவர் பூச்சியைக் குத்தி வைப்பதுபோல் அட்டையில் குத்தி வைத்தார்.

இந்த மனிதருக்குப் பசி தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். இங்கேதான் நமக்கு ஆச்சரியமே.

வட இத்தாலியின் கிராமங்களில் அந்தக் காலத்தில் பெல்லாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்திருந்தது. வெயில் பட்ட தோல் வெந்து உரியும், வயிறு கெடும், கடைசியில் மூளை கலங்கும். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் இந்த நோயாளிகளால் நிரம்பின. ஏழைக் குடியானவனின் ஒரே சாப்பாடு மக்காச்சோளக் கூழ். மூன்று வேளையும் அதுதான். இந்த நோய்க்குக் காரணம் சாப்பாட்டில் இருக்கிறது என்று லொம்ப்ரோசோ அடித்துச் சொன்னார். கெட்டுப்போன, பூஞ்சணம் பிடித்த சோளத்தை ஏழைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதில் உண்டாகும் நஞ்சுதான் இந்த நோய் என்றார். நிலச்சுவான்தார்களுக்கு இது பிடிக்கவில்லை. ஏளனம் செய்தார்கள், எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. கெட்ட சோளத்தைத் தடுக்கும் சட்டம் 1902இல் இத்தாலியில் வந்தது. அதில் அவருடைய பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பங்குண்டு.

நஞ்சு என்று அவர் சொன்னது சரியல்ல. உடம்புக்கு வேண்டிய ஒரு சத்து அந்த ஒற்றைச் சாப்பாட்டில் கிடைக்காததுதான் காரணம். அமெரிக்காவில் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் சாப்பாட்டை மாற்றியே இந்த நோயைப் போக்கிக் காட்டினார். நிக்கோடினிக் அமிலம்தான் அந்தச் சத்து என்பது 1937இல் தெரிந்தது. மெக்சிகோவின் பூர்வகுடிகள் சுண்ணாம்பு நீரில் சோளத்தை வேகவைத்து உண்டதால் அவர்களுக்கு இந்த நோய் பெரிதாக வரவில்லை. ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டு வந்தார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும் தக்காணத்தில் சோளமே உணவாக வாழும் ஏழைகளிடம் இந்த நோய் இருப்பதை ஐதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினார்கள். ஆக, விவரத்தில் லொம்ப்ரோசோ தவறினாலும் பார்த்த திசை சரி. நோயாளியின் தட்டைப் பார்த்தார், தட்டை நிரப்பியவனைப் பார்த்தார்.

இப்போது கேட்கவேண்டிய கேள்வி இதுதான். தோல் உரிந்தவனைக் கண்டதும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்த அதே டாக்டர், ரொட்டி திருடியவனைக் கண்டதும் ஏன் மண்டையோட்டைத் திறந்தார்? நோயாளி புத்தி பேதலித்தால் நிலச்சுவான்தார் பொறுப்பு. அதே குடியானவன் திருடினால் அவன் பாட்டன் முப்பாட்டன் பொறுப்பு. ஒரே மனிதர், ஒரே பேனா. இதற்கு அவருடைய நூல்களில் விடை கிடையாது. பிற்காலப் பதிப்புகளில் வறுமை, குடி, பயிற்சியின்மை ஆகியவற்றையும் காரணங்களாகச் சேர்த்துக்கொண்டார். பிறவிக் குற்றவாளிகளின் பங்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தும் கொண்டார். ஆனால் அந்த மூன்றில் ஒன்றை விடவே இல்லை. திருந்தவே முடியாத பிறவிகள் என்று யாரை முடிவு கட்டினாரோ அவர்களுக்கு மரண தண்டனையும் தகும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். சோஷலிஸ்ட் ஒருவர்!

பெண்களைப் பற்றி 1893இல் குலியெல்மோ ஃபெரெரோவோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். பெண் கைதிகளை அளந்தால் எதிர்பார்த்த அடையாளங்கள் போதிய அளவு கிடைக்கவில்லை. கொள்கை தப்பு என்று யாரும் நினைப்பார்கள். பேராசிரியரோ, பெண்ணினமே ஆணைவிட வளர்ச்சியில் பின்தங்கியது, விலைமாதர்தான் உண்மையான பெண் குற்றவாளிகள் என்று எழுதினார். கணக்கு ஒத்துவராவிட்டால் கணக்கைத் திருத்துவதில்லை, கல்லாவிலிருக்கும் பணத்தைத் திருத்துவது. தாய்மார்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கவேண்டிய விஷயம்தான்.

தொழிற்சங்கத்தில் இருக்கும் நாம் விடாமல் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி அடுத்தது. மே தினத் தியாகிகளை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். 1886 மே மாதம் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம், ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டு, பிறகு நடந்த வழக்கு, 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தூக்கு நடந்து சில ஆண்டுகளில், 1891இல், லொம்ப்ரோசோ ஒரு சிகாகோப் பத்திரிகையிலேயே கட்டுரை எழுதினார். அராஜகவாதிகளின் முகங்களை ஆராய்ந்ததாகவும், சிகாகோக்காரர்கள் 43 பேரில் 40 விழுக்காட்டினரிடம் குற்றவாளி முகம் காணப்படுவதாகவும் அதில் சொன்னார். கடல் தாண்டி இருந்தவர் அந்த முகங்களை எங்கே பார்த்தார்? படங்களில். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? அந்த வழக்கைப் புலனாய்வு செய்த போலீஸ் அதிகாரி ஷாக் என்பவர் எழுதிய புத்தகத்திலிருந்து!

வழக்கில் தூக்கிலிருந்து தப்பி ஆயுள் தண்டனையில் இருந்தவர் மைக்கேல் ஷ்வாப். புத்தகங்களைக் கட்டும் பைண்டர் வேலை செய்தவர், தொழிலாளர் பத்திரிகையில் எழுதியவர். சிறைக்குள்ளிருந்தே அவர் அதே பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார், பத்திரிகையும் வெளியிட்டது. போலீஸ்காரர் புத்தகத்தில் மோசமாகப் பொறிக்கப்பட்ட படங்களை வைத்துக்கொண்டு மனிதனின் பிறவியைத் தீர்மானிப்பது என்ன விஞ்ஞானம் என்பது அவர் கேள்வியின் சாரம். தோழர்களே, உலகப் புகழ் பெற்ற பேராசிரியருக்கு ஒரு பைண்டர், கைதி எண்ணோடு உட்கார்ந்து, பதில் எழுதினார்! 1893இல் இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்ட், அந்த வழக்கு விசாரணையே நேர்மையற்றது என்று எழுதி ஷ்வாபையும் மற்ற இருவரையும் விடுதலை செய்தார்.

எதிர்ப்பு அவருக்குப் பல திசைகளிலிருந்தும் வந்தது. 1885இல் ரோமில் நடந்த முதல் சர்வதேச மாநாட்டிலேயே பிரெஞ்சு டாக்டர் லக்காசாஞ் எழுந்து, குற்றம் ஒரு கிருமி என்றால் சமுதாயம்தான் அது வளரும் ஊடகம் என்ற பொருளில் பேசினார். டால்ஸ்டாயை 1897இல் லொம்ப்ரோசோ அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தார். மேதாவிகளுக்கும் பைத்தியத்துக்கும் உறவு உண்டு என்ற தம் இன்னொரு கொள்கைக்கு டால்ஸ்டாய் நல்ல சாட்சியாவார் என்று நினைத்துப் போனார். டால்ஸ்டாய்க்கு விருந்தாளியும் பிடிக்கவில்லை, கொள்கையும் பிடிக்கவில்லை. ‘புத்துயிர்ப்பு’ நாவலில், மாஸ்லவா என்ற ஏழைப் பெண்ணின் வழக்கில், அரசு வழக்கறிஞர் பாரம்பரியம், பிறவிக் குற்றம், லொம்ப்ரோசோ என்றெல்லாம் பிளந்து கட்டும் பகுதியைப் படித்துப் பாருங்கள். நம் படிப்பகத்தில் இருக்கிறது.

உள்நாட்டில் அவரை விடாமல் எதிர்த்தவர் சிசிலித் தீவுக்காரரான நப்போலெயோனே கொலயான்னி. அவரும் டாக்டர்தான். குற்றத்தின் வேர் சமுதாய ஏற்பாட்டில் இருக்கிறது என்று 1889இல் நூல் எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, 1892 டிசம்பரில், பாராளுமன்றத்தில் எழுந்து ரோமானிய வங்கியின் ஊழலை அம்பலப்படுத்தினார். அந்த வங்கி சட்டம் அனுமதித்ததற்கு மேல் நோட்டு அடித்து விட்டிருந்தது. ஒரே எண்ணில் இரட்டை நோட்டுகள் கூட! மந்திரிகள் பெயரெல்லாம் அடிபட்டது, பிரதம மந்திரி ஜொலித்தி பதவி இழந்தார். வழக்கு நடந்தது. வங்கி ஆளுநர் தான்லோங்கோ 1894இல் விடுதலையானார். வில்லெல்லா கைதியாகவே செத்தார். சிறைச்சாலைக்குள் அளவு நாடா கொண்டு போனால், சிறைக்குள் வந்து சேர்ந்த தலைகள்தான் அளவுக்கு அகப்படும். வராத தலைகளை யார் அளப்பது?

இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் இன்னொரு வழியில் போனார். வாதம் வேண்டாம், எண்ணிப் பார்ப்போம் என்றார். ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, அந்த அளவுகளைக் கல்லூரி மாணவர்கள், ராணுவத்தினர் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டார். 1913இல் முடிவு வெளிவந்தது: குற்றவாளிக்கு என்று ஒரு தனி உடலமைப்பு கிடையாது. கோரிங்கும் அறிவுக் குறைவு, பாரம்பரியம் என்று வேறு பாதையில் வழுக்கியவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காது, தாடைக் கதை அத்தோடு முடிந்தது. வில்லெல்லா மண்டையில் இருந்த குழியும், ஒரு குற்றமும் செய்யாத எத்தனையோ பேர் மண்டையில் இருப்பதுதான்.

லொம்ப்ரோசோ இதைப் பார்க்க உயிரோடில்லை. கடைசி ஆண்டுகளில் ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் நம்பிக்கை வைத்து, 1909 அக்டோபர் 19 அன்று இறந்தார். தம் உடலைத் தம் அருங்காட்சியகத்துக்கே எழுதிவைத்தார். அவர் எலும்புக்கூடு இன்றும் தூரினில் நிற்கிறது. இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்றுதான் நமக்குப் படுகிறது. அவர் மருமகன் பேராசிரியர் மாரியோ கர்ராரா, 1931இல் முசோலினி அரசு கேட்ட விசுவாசப் பிரமாணத்தை எடுக்க மறுத்து வேலை இழந்தவர். நாடு முழுவதும் மறுத்த பேராசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மனிதர்கள் ஒரே நூலில் நெய்யப்பட்டவர்கள் அல்லர்.

ஆனால் எலும்புக் கதை தோற்ற பின்பும் எண்ணம் தோற்கவில்லை. தனி மனிதன் மண்டையிலிருந்து இறங்கி அது ஒரு பிரதேசத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. லொம்ப்ரோசோவின் சீடர்களில் முதல்வர் என்ரிக்கோ ஃபெர்ரி. ‘பிறவிக் குற்றவாளி’ என்ற சொல்லையே அவர்தான் கொடுத்தார். 1886இல் மாந்துவாக் குடியானவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீலும் அவரே. சோஷலிஸ்ட் கட்சி நாளேடான ‘அவாந்தி’க்கு 1903 முதல் 1908 வரை ஆசிரியராக இருந்தவரும் அவரே. இன்னொருவர் நிச்செஃபோரோ. அவர் 1897இல் சார்தீனியாத் தீவில் ‘குற்ற மண்டலம்’ இருப்பதாக எழுதினார். மறு ஆண்டு தென் இத்தாலி முழுவதையும் காட்டுமிராண்டி இத்தாலி என்று எழுதினார். தெற்கு ஏன் ஏழையாக இருக்கிறது? வரியாலா, நிலவுடைமையாலா? இல்லையாம், இரத்தத்தாலாம்! கொலயான்னி கொதித்து எழுந்து மறுப்பு நூல் எழுதினார்.

அந்த எழுத்து கப்பலேறியும் போனது. பிழைப்புக்காக இலட்சக்கணக்கான தென் இத்தாலியர் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் குடியேற்றக் கமிஷன் 1911இல் வெளியிட்ட இன அகராதி வட இத்தாலியர், தென் இத்தாலியர் என்று இரண்டு இனங்களாகப் பிரித்து, நிச்செஃபோரோவையே சாட்சிக்கு அழைத்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இத்தாலியர்க்கு ஆண்டுக்கு 3,845 பேர் என்று வாசல் சுருங்கியது. பேராசிரியரின் மேசையில் எழுதப்பட்ட வரி துறைமுகத்தில் மூட்டையோடு நின்றவன் முகத்தில் கதவாகச் சாத்தப்பட்டது.

சார்தீனியாவில் பிறந்து, உதவித்தொகையில் படிக்க 1911இல் தூரினுக்கு வந்த ஒரு கூனல் முதுகு மாணவன் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தான். அவர்தான் அந்தோனியோ கிராம்சி. தெற்கத்தியான் சோம்பேறி, பிறவியிலேயே தாழ்ந்தவன், முன்னேறிய வடக்கின் காலில் கட்டிய இரும்புக் குண்டு என்ற எண்ணத்தை வட இத்தாலித் தொழிலாளி மனத்தில் விதைத்ததில் சோஷலிஸ்ட் கட்சிக்கே பங்கு உண்டு என்று 1926இல் எழுதிய கட்டுரையில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். அதே கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. 1919இல் தூரின் தொழிலாளரை அடக்கச் சார்தீனியச் சிப்பாய்களின் படையைக் கொண்டுவந்தார்கள். அதே தீவிலிருந்து வந்து தூரினில் வேலை பார்த்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளி, முகாமுக்கு அருகே போய் ஒரு சிப்பாயிடம் பேச்சுக் கொடுத்தார். வேலைநிறுத்தம் செய்யும் துரைமார்களைச் சுட வந்திருக்கிறோம் என்றான் சிப்பாய். அவர்கள் துரைமார் இல்லை, தொழிலாளிகள், ஏழைகள் என்றார் இவர். இங்கே எல்லாரும் கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறார்களே, எப்படி ஏழையாவார்கள் என்றான் அவன். வடக்கத்தியான் தெற்கத்தியானை மிருகம் என்கிறான். தெற்கத்தியான் வடக்கத்தியானைத் துரை என்கிறான். தோழர்கள் விடாமல் பேசினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். ஜூலை மாதப் பொது வேலைநிறுத்தம் நெருங்கியபோது, அரசு அந்தப் படையை நம்பமுடியாமல் இரவோடு இரவாகத் தூரினிலிருந்து அகற்றியது.

1960களின் இறுதியில் இந்த மும்பை நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த கோஷங்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் சேரிப் பகுதியில் ஒரு பை காணாமல் போனால் எந்தச் சந்தில் முதலில் கதவு தட்டப்படுகிறது என்பதும் தெரியும். அதே நேரத்தில் நம் வாயில் பீகாரிலிருந்து வரும் கூலித் தொழிலாளியைப் பற்றி என்ன சொல் வருகிறது என்பதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு லொம்ப்ரோசோ காரணம் என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. அந்தச் சட்டம் 1871இல் வந்தது. அவர் நூல் 1876இல்தான் வந்தது. வெள்ளையன் அவரைப் படிக்காமலே அந்த முடிவுக்கு வந்திருந்தான். தச்சன் மகன் தச்சன், திருடன் மகன் திருடன் என்று நம் சாதி ஏற்பாடு அவனுக்கு ஏற்கனவே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது. 1911இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிறமலைக் கள்ளர் மீது அதைச் சுமத்தியபோது எதிர்த்து நின்றவர்களில் பதினாறு பேர் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். குறவர்களோ பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக வாணிகம் செய்தவர்கள். உப்புச் சட்டமும் ரயிலும் வந்து அந்தப் பிழைப்பை ஒழித்தன. ஆம் தோழர்களே, நாம் சம்பளம் வாங்கும் இதே ரயில்தான். பிழைப்புப் போனவன் தெருவில் அலைந்தான். அலைகிறவன் பிறவித் திருடன் என்று பதிவேட்டில் ஏறினான். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் என்ற அதிகாரி தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்த காலம் அது. போலீசாருக்கும் அந்த அளவு வித்தையைக் கற்றுக்கொடுத்தார்.

1952 ஆகஸ்ட் 31 அன்று அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆனால் ‘வாடிக்கைக் குற்றவாளிகள்’ சட்டம் என்று மாநிலங்களில் வேறு பெயரில் அதே பதிவேடு தொடர்ந்தது. சிறை விதிப் புத்தகங்களில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்துவதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 3ஆம் தேதி!

அளவு நாடாவும் ஓய்ந்துவிடவில்லை, கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 2016இல் சீனாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1,856 ஆண்களின் முகப் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, யார் குற்றவாளி என்பதை அது முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். மற்ற அறிஞர்கள் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். குற்றமற்றவர்கள் என்று தரப்பட்டவை இணையத்தில் கிடைத்த படங்கள். அவர்கள் முகத்தில் லேசான புன்னகை. குற்றவாளிகளின் படங்கள் அடையாள அட்டைப் படங்கள், அவர்கள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது குற்றத்தையல்ல, சிரிப்பை. முகத்தைப் படிக்கும் காமிராக்கள் நம் ரயில் நிலையங்களுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு யார் முகத்தைக் காட்டிப் பழக்குகிறார்கள் என்று சங்கம் கேட்கவேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க இருக்கிறோம்.

வில்லெல்லா என்ன ஆனார் என்று சொல்லவில்லையே! 2009இல் தூரின் அருங்காட்சியகம் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் மண்டையோடும் காட்சிக்கு வந்தது. மோத்தா சாந்தா லூச்சியா ஊர்க்காரர்கள், எங்கள் ஆளைக் கொடுங்கள், அடக்கம் செய்யவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2012இல் கீழ்நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2019இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. விஞ்ஞானத்தின் தவறுகள் எப்படி நடந்தன என்று காட்டுவதற்காகவே வைத்திருக்கிறோம் என்கிறது அருங்காட்சியகம். அதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் ஊரார் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தவறு செய்தவர் தம் எலும்பைத் தாமே எழுதிவைத்துவிட்டுப் போனார். வில்லெல்லாவை யாரும் கேட்கவில்லை.